ஸ்கேனுக்கு எழுதும் முன் கை போக வேண்டிய இடங்கள்

வயிற்றுப் புற்றுநோய் பரவிவிட்டதா என்று கையால் தடவிப் பார்த்தே சொல்ல முடியுமா என்று புதிதாக வார்டுக்கு வரும் ஹவுஸ் சர்ஜன்கள் கேட்பார்கள். "அதான் சி.டி. இருக்கே மேடம்" என்பதும் கூடவே வரும். இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கூட்டம் நிறைந்த அரசு மருத்துவமனையில் சி.டி.க்குத் தேதி வாங்கி, எடுத்து, ரிப்போர்ட் கைக்கு வருவதற்குள் சில நாட்கள் ஓடிவிடும். கழுத்தில் ஒரு நெறிக்கட்டி கைக்கு அகப்பட்டால் அன்றைக்கே அதில் ஊசி போட்டு, செல்களை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிடலாம்.

இன்னொரு காரணம் இதைவிடப் பெரியது. இரைப்பைப் புற்றுநோய் என்றே வைத்துக்கொள்வோம். நான் சொல்லப்போகும் இடங்களில் ஏதாவது ஒன்றில் நோய் இருப்பது உறுதியானால், இரைப்பையை வெட்டி எடுக்கும் பெரிய ஆபரேஷனால் பெரும்பாலும் நோயாளிக்குப் பலன் கிடையாது. திட்டமே மாறிவிடும். வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் செய்ய முடியாமல் அப்படியே தையல் போட்டு அனுப்புவதைவிட வீண் வேதனை அந்த நோயாளிக்கு வேறு என்ன இருக்கிறது?

இது மருத்துவ மாணவர்களுக்காக எழுதுவது. மற்றவர்களும் படிக்கலாம். ஆனால் படித்துவிட்டு வீட்டில் அப்பாவின் வயிற்றை அமுக்கிப் பார்த்து முடிவு கட்ட வேண்டாம். கழுத்திலோ தொப்புளிலோ கட்டி இருந்தால், காரணம் தெரியாமல் எடை குறைந்தால், இரண்டு வாய் சோற்றிலேயே வயிறு நிறைந்துபோனால், டாக்டரிடம் காட்டுங்கள். அது போதும்.

தொடங்கும் முன்

பாதிக் குறிகள் தவறிப்போவது அறியாமையால் அல்ல, துணியால். தாலிக்கயிறும் தாயத்தும் கழுத்துக்குழியை மறைக்கும். பாவாடை நாடா சரியாகத் தொப்புளுக்குக் கீழே இறுகிக் கிடக்கும். அரைஞாண் கயிற்றுக்குக் கீழே யாரும் பார்ப்பதே இல்லை. திரை போட்டு, சிஸ்டரைக் கூட வைத்துக்கொண்டு, "அம்மா, நாடாவைக் கொஞ்சம் தளர்த்திக்கலாமா?" என்று கேட்டுவிட்டு, மார்பிலிருந்து தொடை நடுவரை பார்க்க வேண்டும். ஒரேயடியாகத் திறந்து போட வேண்டியதில்லை. பார்க்கும் இடத்தை மட்டும் திறந்து, பார்த்ததும் மூடுங்கள். கை குளிர்ந்திருந்தால் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள். குளிர்ந்த கை பட்டால் வயிற்றுத் தசை இறுகிக்கொள்ளும். அப்புறம் உள்ளே இருப்பது எதுவும் தட்டுப்படாது.

தலைக்கு ஒரு தலையணை, முழங்கால் லேசாக மடங்கியிருக்கட்டும். ஆனால் படுக்க வைப்பதற்கு முன்பே உட்கார்ந்த நிலையில் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு.

கழுத்து

நோயாளியை ஸ்டூலில் உட்கார வைத்து, நீங்கள் பின்னால் நில்லுங்கள். முன்னால் நின்று தடவினால் சின்னக் கட்டிகள் தப்பிவிடும். தலையை லேசாகக் குனியச் சொல்லி, பார்க்கும் பக்கமாகச் சற்றுச் சாய்க்கச் சொல்லுங்கள், தசை தளரும். காறை எலும்புக்கு மேலே உள்ள குழியில் விரல் நுனிகளை வைத்து, எலும்புக்குப் பின்பக்கமாகக் கொக்கிபோல உள்ளே இறக்குங்கள். கழுத்தின் பக்கவாட்டில் ஓடும் ஸ்டெர்னோமாஸ்டாய்டு தசை கீழே இரண்டு காலாகப் பிரிந்து இறங்குகிறது அல்லவா, அந்த இடைவெளியையும், வெளிப்பக்கக் காலுக்குப் பின்னாலும் விடாமல் பாருங்கள். பிறகு, "மூச்சை நல்லா இழுத்து அடக்கி, முக்குங்கய்யா" என்று சொல்லுங்கள். எலும்புக்குப் பின்னால் ஒளிந்திருந்த கட்டி அப்போது மேலெழுந்து விரலில் இடிக்கும். அந்த ஒரு நொடிக்காகக் காத்திருக்கப் பழக வேண்டும். பெரும்பாலான மாணவர்கள் அதற்குள் கையை எடுத்துவிடுகிறார்கள்.

இடது பக்கம் ஏன் இவ்வளவு முக்கியம்? வயிற்று உறுப்புகளின் நிணநீரைச் சேர்த்துக்கொண்டு மார்பு வழியாக மேலேறும் தொராசிக் டக்ட் என்ற குழாய், இடது கழுத்தடியில்தான் பெரிய ரத்தநாளத்தில் போய்ச் சேர்கிறது. இரைப்பை, கணையம், பெருங்குடல், சூற்பை, விதைப்பை என்று எங்கிருந்து கிளம்பிய செல்லும் இந்த வழியாக வந்து இங்கே தங்கலாம். ஜெர்மன் நோயியலாளர் ருடால்ஃப் விர்ஷோ 1848ல் இதைப் பற்றி எழுதினார். அதனால் விர்ஷோ நெறிக்கட்டி. கட்டி கைக்குக் கெட்டியாகத் தட்டுப்படுவதைப் பிரெஞ்சுக்காரர் த்ருவாசியே பெயரால் த்ருவாசியே குறி என்பார்கள். தேர்வில் இரண்டையும் கேட்பார்கள், அதனால் சொல்கிறேன். வலது பக்கம் கட்டி இருந்தால் நுரையீரல், உணவுக்குழாய், மார்பின் நடுப்பகுதி என்று தேடுங்கள்.

புற்றுநோய்க் கட்டி கல்லைப்போலக் கெட்டியாக இருக்கும், பெரும்பாலும் வலிக்காது, நாளாக ஆகக் கீழே ஒட்டிக்கொண்டு அசையாது. நம் ஊரில் இதை மட்டும் நம்பக் கூடாது, ஏனென்றால் காசநோய் இருக்கிறது. காசநோயில் பல கட்டிகள் ஒன்றோடொன்று பிணைந்து கிடக்கும். சில நேரம் நடுவில் இளகியிருக்கும். இந்த வித்தியாசம் புத்தகத்தில் தெளிவாக இருக்கும், விரலுக்கு அவ்வளவு தெளிவாகத் தெரியாது. ஊசி போட்டுத்தான் தீர வேண்டும்.

இளம் ஆண், இருபது முப்பது வயது, இடது கழுத்தில் கட்டி, வயிற்று நடுவில் ஆழத்தில் அசையாத திரட்சி. இப்படி ஒருவர் வந்தால் உடனே விதைப்பையைச் சோதியுங்கள். வெட்கப்பட்டு அவர் சொல்லியிருக்க மாட்டார். நாமும் கேட்காமல் விட்டிருப்போம். விதைப்பைப் புற்றுநோய் கழுத்துவரை பரவியிருந்தாலும் சிஸ்பிளாட்டின் என்ற மருந்து சேர்ந்த கீமோதெரபியில் பெரும்பாலும் குணமாகக்கூடியது. நிணநீர்த் திசுவின் புற்றுநோயான லிம்ஃபோமாவும் அப்படித்தான், நன்றாக மருந்துக்கு அடங்கும். ஆகவே கழுத்தில் கட்டியைப் பார்த்ததும் மனதுக்குள் "ஃபோர்த் ஸ்டேஜ்" என்று கேஸை மூடிவிடாதீர்கள்.

கழுத்தை முடித்த கையோடு இடது அக்குளையும் பாருங்கள். இரைப்பைப் புற்றுநோய் எப்போதாவது அங்கே வரும். ஐரிஷ் நெறிக்கட்டி என்பார்கள். பெண் நோயாளி என்றால் மார்பகங்களையும் சோதித்துவிடுங்கள்.

தொப்புள்

இதற்குக் கண்ணும் வேண்டும், விரலும் வேண்டும். தொப்புள் சுருக்கத்துக்குள் அழுக்கு, விபூதி, எண்ணெய் எல்லாம் சேர்ந்திருக்கும். துடைத்துவிட்டுப் பாருங்கள். எங்கள் ஓ.பி.க்கு வந்த வயதான விவசாயி ஒருவர் தொப்புளில் ஆறாத புண் என்று சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் பற்றுப் போட்டிருந்தார். பக்கத்து ஆஸ்பத்திரிகளில் களிம்பும் வாங்கிப் பூசியிருந்தார். பற்றைத் தண்ணீர் விட்டு ஊற வைத்துக் கழுவியதும் சிவந்து வெடித்த, சுண்டைக்காய் அளவு முடிச்சு தெரிந்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்தபோது அது மேல்தோலோடு நிற்கவில்லை, கெட்டியாக உள்ளே வேர்விட்டிருந்தது. "பசி எப்படி ஐயா?" என்று கேட்டேன். "பசியா? பொங்கலுக்கு முன்னாடியே போச்சும்மா" என்றார். எண்டோஸ்கோபியில் இரைப்பையின் கீழ்ப்பகுதியில் புண்.

இதன் பெயர் சிஸ்டர் மேரி ஜோசஃப் முடிச்சு. அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் ரோசெஸ்டர் நகரில் செயின்ட் மேரிஸ் மருத்துவமனையில் வில்லியம் மேயோவுக்கு ஆபரேஷனில் உதவிய கன்னியாஸ்திரி அவர். ஆபரேஷனுக்காக வயிற்றைச் சுத்தம் செய்யும்போது, தொப்புளில் முடிச்சு இருக்கும் நோயாளிகளுக்கு உள்ளே புற்றுநோய் பரவியிருப்பதைக் கவனித்துச் சொன்னார். மேயோ 1928ல் இதை எழுதினார். ஆனால் சிஸ்டரின் பெயரை அதற்குச் சூட்டியது ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஹாமில்டன் பெய்லி, 1949ல். அதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே, 1939ல், சிஸ்டர் இறந்துவிட்டார். வார்டில் நர்ஸ் ஒருவர் "டாக்டர், இதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்றால் போய்ப் பாருங்கள் என்று நான் சொல்வதற்கு இந்தக் கதையும் ஒரு காரணம்.

தொப்புளில் இருப்பதெல்லாம் புற்றுநோய் இல்லை. குடலிறக்கம் என்றால் இருமும்போது புடைக்கும், படுத்தால் பெரும்பாலும் உள்ளே போகும். ஆனால் உள்ளே போகாமல் சிக்கிய ஒமென்டமும் (குடலைப் போர்த்தியிருக்கும் கொழுப்புத் திரை) கெட்டியாகத்தான் இருக்கும், அங்கே கவனம். பழைய அழுக்கு இறுகிக் கல்லாகியிருந்தால் அடியில் தோல் சரியாக இருக்கும். மாதவிலக்கு நாட்களில் வீங்கி வலித்தால், ரத்தம் கசிந்தால், எண்டோமெட்ரியோசிஸ், அதாவது கருப்பையின் உட்சுவர்த் திசு வெளியே வளர்வது. சந்தேகம் இருந்தால் ஊசி. இல்லையென்றால் சின்னத் துண்டு எடுத்து பயாப்சி. இரைப்பை, பெருங்குடல், கணையம், பெண்களுக்குச் சூற்பை என்று மூலத்தைத் தேடுங்கள்.

வயிறு

முதலில் கட்டிலின் கால்மாட்டில் நின்று, குனிந்து, கண்ணை வயிற்றின் மட்டத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். மேல்வயிற்றில் இடமிருந்து வலமாக மெதுவாக உருண்டு போகும் அலை தெரிந்தால் இரைப்பையின் வெளிவாசல் அடைபட்டிருக்கிறது. அடைப்பு வேறு, பரவல் வேறு. ஆனாலும் எழுதி வையுங்கள்.

கல்லீரலை எல்லோரும் விலா எலும்புக்கு அடியிலிருந்து தேடத் தொடங்குகிறார்கள். கல்லீரல் தொப்புளைத் தாண்டிக் கீழே இறங்கியிருந்தால் கை ஏற்கெனவே அதன் மேலேதான் இருக்கிறது, விளிம்பு எப்படித் தட்டுப்படும்? வலது அடிவயிற்றிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு மூச்சுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறுங்கள். மூச்சு இழுக்கும்போது விளிம்பு வந்து விரலில் முட்டட்டும். புற்றுநோய் பரவிய கல்லீரல் பெரும்பாலும் பெரிதாக, கெட்டியாக, மேடும் பள்ளமுமாக இருக்கும். சில முடிச்சுகளின் நடுவில் சிறு குழி தட்டுப்படும். நடுப்பகுதி அழுகி உள்வாங்குவதால் வருவது. மேல் எல்லையையும் தட்டிப் பார்க்க மறக்காதீர்கள். ஆஸ்துமா, பீடிக்காரர்களின் ஊதிய நுரையீரல் கல்லீரலைக் கீழே தள்ளியிருக்கும். அது வீக்கம் இல்லை.

நீர் கோத்திருக்கிறதா என்று பார்க்க, நடுவிலிருந்து விலாப்பக்கம் நோக்கித் தட்டிக்கொண்டே போய், ஒலி மந்தமாகும் இடத்தில் விரலை அப்படியே வைத்துக்கொண்டு நோயாளியை உங்கள் பக்கம் திரும்பிப் படுக்கச் சொல்லுங்கள். அரை நிமிடம் பொறுங்கள், நீர் இறங்க வேண்டும். பிறகு அதே இடத்தில் தட்டினால் ஒலி தெளிந்திருக்கும். இது தெரிய வேண்டுமானால் ஏறக்குறைய 1.5 லிட்டர் சேர்ந்திருக்க வேண்டும், ஆகவே இல்லை என்று வந்தால் நீரே இல்லை என்று பொருள் இல்லை. பரவிய நோயில் குடலும் ஒமென்டமும் ஒட்டிக்கொண்டு நீர் அறை அறையாகத் தேங்கும். அப்போது திரும்பிப் படுத்தாலும் ஒலி மாறாது. வயிறு நிறைய நீர் இருந்தால் அழுத்தித் தடவிப் பயனில்லை. விரல்களை ஒன்றாக வைத்துச் சட்டென்று ஒரு குத்து அமுக்குங்கள். நீர் விலகி, உள்ளே இருக்கும் கட்டி விரலில் வந்து இடிக்கும். தொப்புளுக்கு மேலே குறுக்காக, பலகைபோலக் கெட்டியான திரட்சி அகப்பட்டால் அது புற்றுநோய் ஏறிய ஒமென்டமாக இருக்கலாம். காசநோயிலும் ஒமென்டம் இப்படிச் சுருண்டு கிடக்கும். மறுபடியும் அதே தொல்லைதான்.

அதனால் நீரை எடுக்கும்போது ஒரு வேலையைச் சேர்த்துச் செய்யுங்கள். அன்றைக்கே ரத்தத்தையும் எடுத்து, இரண்டிலும் ஆல்புமின் பாருங்கள். ரத்த அளவிலிருந்து நீரின் அளவைக் கழித்தால் டெசிலிட்டருக்கு 1.1 கிராமும் அதற்கு மேலும் வந்தால் கல்லீரல் சுருக்கம், இதயக் கோளாறு போன்ற அழுத்தக் காரணம். குறைவாக வந்தால் பெரிட்டோனியம் என்ற உள்ளுறையின் நோய், அதாவது பெரும்பாலும் புற்றுநோய் அல்லது காசநோய். கல்லீரல் முழுக்கக் கட்டிகள் நிறைந்திருந்தால் கணக்கு மாறி 1.1க்கு மேலே போகும் என்பதையும் நினைவில் வையுங்கள். நீரில் புற்றுநோய்ச் செல் இருக்கிறதா, காசநோயில் உயரும் ஏ.டி.ஏ. என்ற நொதி எவ்வளவு என்பதும் வேண்டும்.

யாரும் செய்ய விரும்பாத பரிசோதனை

கேஸ் ஷீட்டில் "பி.ஆர்." என்று எழுதி அதன் எதிரே ஒரு கோடு போட்டுவிட்டுப் போவது நம் வார்டுகளின் பழைய வியாதி. மலக்குடலுக்குள் விரல் விட்டுப் பார்க்காமல் இந்தப் பரிசோதனை முடியாது.

நிற்கும்போதும் உட்காரும்போதும் வயிற்றறையின் மிகத் தாழ்ந்த குழி மலக்குடலுக்கு முன்னால் இருக்கிறது. மேலே உதிரும் புற்றுநோய்ச் செல்கள் இறங்கி அங்கே படிந்து வளரும். ஜார்ஜ் ப்ளூமர் என்ற அமெரிக்க மருத்துவர் 1909ல் இதை விவரித்தார். ப்ளூமர் திட்டு என்பது அதன் பெயர்.

இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, முழங்காலை நெஞ்சுப் பக்கம் மடக்கச் சொல்லுங்கள். என்ன செய்யப்போகிறீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஜெல் தாராளமாக. விரலை ஆசனவாயில் வைத்து, தசை தளரும்வரை நிறுத்தி, அப்புறம் உள்ளே செலுத்துங்கள். முன்சுவரைத் தடவிக்கொண்டே மேலே போனால், ஆணுக்கு ப்ராஸ்டேட்டைத் தாண்டியதும், குறுக்கே ஒரு கெட்டியான மேடு விரலைத் தடுக்கும். அதன் மேலே மலக்குடலின் உட்தோல் வழுக்கிக்கொண்டு அசையும். இதுதான் அடையாளம்: கட்டி குடலுக்கு வெளியே இருக்கிறது. உட்தோலே சொரசொரப்பாகப் புண்ணாக இருந்து, கையுறையில் ரத்தம் வந்தால் அது மலக்குடலின் சொந்தப் புற்றுநோய். அது வேறு கதை. பெண்களிடம் கருப்பை வாய் முன்சுவர் வழியாக உருண்டையாகத் தட்டுப்படும். அதைத் திட்டு என்று எழுதி வைக்கும் பி.ஜி. மாணவர்கள் ஆண்டுதோறும் வருகிறார்கள். கருப்பை வாய் நடுவில் உருண்டையாக, அசைத்தால் அசையும். திட்டு குறுக்கே பரந்து ஒட்டிக் கிடக்கும்.

இளம் பெண்ணுக்கு இரண்டு சூற்பையும் கெட்டியாக வீங்கியிருந்தால் இரைப்பையை நினையுங்கள். 1896ல் ஃப்ரீட்ரிச் க்ரூக்கன்பெர்க் இந்தக் கட்டிகளைச் சூற்பையிலேயே தோன்றியவை என்று நினைத்துத்தான் எழுதினார்; பெரும்பாலானவை இரைப்பையிலிருந்து வந்தவை என்பது பிறகு தெரிந்தது. சூற்பையை எடுக்க நாள் குறிக்கும் முன் எண்டோஸ்கோபி செய்துவிடுவது நல்லது.

மிச்சம் இருப்பவை

முதுகெலும்பை மேலிருந்து கீழாக முஷ்டியால் மெல்லத் தட்டுங்கள், வலிக்கிறதா என்று கேளுங்கள். நுரையீரலின் அடிப்பகுதியைத் தட்டிப் பாருங்கள்; கல்லில் தட்டியதுபோல ஒலி செத்திருந்தால் நீர். கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கியிருந்தால் ரத்தம் உறைந்திருக்கலாம். இன்று ஒரு காலில், சில நாள் கழித்துக் கையில் என்று ரத்தநாளம் கயிறுபோல இறுகி வலித்தால் த்ரூசோ குறி. 1865ல் அதைப் பற்றிச் சொன்ன அர்மான் த்ரூசோவுக்கே அந்தக் குறி வந்தது; 1867ல் இரைப்பைப் புற்றுநோயில் இறந்தார்.

இவை எல்லாம் இல்லை என்றால் நோய் பரவவில்லை என்று அர்த்தமா? இல்லவே இல்லை. இவை பெரும்பாலும் முற்றிய பிறகு வருபவை. உள்ளுறையில் கடுகளவு படிந்த கட்டிகள் கைக்கு மட்டுமல்ல, சி.டி.க்கும் தப்பும். அதனால்தான் இரைப்பையை எடுக்கும் முன் சிறு துளை வழியே லேப்ராஸ்கோப் என்ற கேமராக் குழாயை விட்டு ஒருமுறை உள்ளே பார்ப்பது. குறி இருந்தால் அது பேசும். இல்லாவிட்டால் அதை நம்பி எதையும் விட்டுவிடாதீர்கள்.

உங்கள் முகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கழுத்தில் கட்டி தட்டுப்பட்ட நொடியில் நீங்கள் நோயாளியின் பின்னால் நிற்கிறீர்கள், அவருக்கு உங்கள் முகம் தெரியாது. எதிரே நிற்கும் மகளுக்குத் தெரியும். கட்டிலைச் சுற்றி நின்று ஆளாளுக்கு அந்தக் கட்டியை அமுக்கி, ஆங்கிலத்தில் "மெட்டாஸ்டாசிஸ்" என்று சொல்லிக்கொள்வதை நிறுத்துங்கள். அந்த வார்த்தை இப்போது ஊரில் நிறையப் பேருக்குத் தெரியும். "இங்கே ஒரு நெறிக்கட்டி இருக்கு, என்னன்னு ஊசி போட்டுப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்பது உண்மை, அந்த நேரத்துக்கு அவ்வளவு போதும். "அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர்" என்று வராந்தாவில் உங்களை நிறுத்துவார்கள். ரிசல்ட் வரும்வரை நீங்கள் யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. வந்த பிறகு, தனக்கு எவ்வளவு தெரிய வேண்டும் என்று நோயாளியிடமே கேட்டுக்கொள்ளலாம்.

கடைசியாக கேஸ் ஷீட். "நெறிக்கட்டி +" என்று எழுதினால் அடுத்து வருபவருக்கு ஒன்றும் புரியாது. "இடது காறை எலும்புக்கு மேலே, தசையின் இரு கால்களுக்கு நடுவே, 2 க்கு 1.5 செ.மீ., கெட்டி, வலியில்லை, அடியில் ஒட்டியுள்ளது, வலது பக்கமும் அக்குள்களும் காலி, தொப்புள் சரி, கல்லீரல் விலா விளிம்புக்குக் கீழே 4 செ.மீ., முடிச்சு முடிச்சாக, நீர் உண்டு, பி.ஆர்.: முன்சுவரில் திட்டு, உட்தோல் அசைகிறது" என்று எழுதுங்கள். பக்கத்தில் ஒரு வயிற்றுப் படம் வரைந்து குறித்துவிடுங்கள். தேதி, நேரம், கையெழுத்து. கீமோதெரபி தொடங்கிய பிறகு அந்தக் கட்டி சுருங்கியதா இல்லையா என்று ஆன்காலஜி டாக்டர் முதலில் தேடப்போவது நீங்கள் எழுதிய அந்த 2 செ.மீ.யைத்தான்.